சில்லுக்கு ஒரு புளியங்கொட்டை

லண்டனிலிருந்து அண்ணை அனுப்பிய மொறிஸ் மைனர் கார் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. உலோகத்தில் வார்த்தது. அதை விளையாட்டுச் சாமான் என்று நான் சொன்னது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “மொடல் எண்டு சொல்லு” என்றார். கதவு திறந்தது, பொனற் திறந்தது, உள்ளே எஞ்சின் கூட இருந்தது. எங்கள் சொந்தக் காரில் இவற்றில் எதுவும் ஒரே இழுவையில் திறந்ததில்லை.

அந்தச் சொந்தக் கார் இப்போது எங்களிடம் இல்லை. அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக அண்ணை எத்தனையோ தரம் கேட்டார். “காரை ஆரிட்டை விட்டிட்டு வாறது?” என்று அப்பா ஒவ்வொரு தரமும் தட்டிக் கழித்தார். பொறுத்துப் பார்த்த அண்ணை கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்தார். பழைய கார் சேர்க்கும் மனிதர். சண்டிலிப்பாய் ஒழுங்கைக்குள் லொறி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா ஏன் சம்மதித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பிறகு விசா வந்தது. அதன் பின்னால் இந்தக் குட்டிக் கார், “இனி உங்கடை காரைப் பைக்குள்ளை போட்டுக்கொண்டு வாங்கோ” என்ற பகிடியோடு.

வீட்டில் இருப்பது அப்பாவும் நானும்தான். அவர் போனால் நான் மட்டும்.

எங்கள் காருக்கு ஹாண்ட் பிறேக் வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் என் காலடியில் எப்போதும் ஒரு கல் பயணம் செய்யும். நின்றவுடன் இறங்கிப் பின் சில்லுக்குக் கல் வைக்க வேண்டும். புறப்படும்போது அப்பா எஞ்சினை உறும விட்டு, தலையை வெளியே நீட்டி, “கல்லை எடு பிள்ளை!” என்பார். அந்தக் குரல் வராமல் கார் அசையாது. நான் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறுவேன். சின்னப் பிள்ளையில் சரி. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கலியாண மண்டப வாசலில் குனிந்து கல் எடுத்த வெட்கக்கேட்டை ஆரிடம் சொல்வது?

மொடலை ரீவி மேசையில் வைத்தோம். எங்கள் விறாந்தை நிலம் ஒருபக்கம் சரிவு. ஃபானைப் போட்டால் கார் மெல்ல மெல்ல விளிம்புக்கு உருண்டது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், பின் சில்லுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு ஒரு நிம்மதியும். போக நினைக்கிற மனிதர் காரைப் பையில் அல்லவா வைப்பார்? இவர் கல் வைத்து நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு அதே வேலையாகப் போயிற்று. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் கொட்டைதான் நினைவில். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்ற முன்னம் மேசையைப் பார்ப்பேன். இருந்தால்தான் தேத்தண்ணி இறங்கும். போகிறீர்களா என்று நேரே கேட்கப் பயம். கேட்டால் சொல்லிவிடுவார். சுற்றி வளைத்தேன்.

“அங்கை சரியான குளிராம் அப்பா.”

“ஓம்.”

“உங்கடை முழங்காலுக்கு ஒத்துவராதெல்லோ?”

“ஓம் பிள்ளை.”

இந்த ‘ஓம்’களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எரிச்சல் எரிச்சலாக வந்தது. குசினியில் சட்டிகள்தான் அடி வாங்கின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை எடுத்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

“அப்பா, ரிக்கற் போடட்டே?”

வழக்கமான ‘பாப்பம்’ வரவில்லை. அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீ போனதிலை இருந்து உன்ரை வீட்டிலை நான் ஒரு நாள் கூட இருக்கேல்லை மோனை. இனியும் ஆறப்போட்டால் சரிவராது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“கல்லை எடு பிள்ளை.”

எனக்கு முன்னம் அந்தக் கல்லை எடுத்தவர் அண்ணைதான். ஃபோனில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. “நீங்களே எடுங்கோ” என்றேன். அப்பா கையை நீட்டவில்லை. கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எப்படிக் காத்திருப்பாரோ, அப்படியே இருந்தார். நான் எடுக்காமல் அவர் புறப்பட்டதே இல்லை.

எடுத்தேன். ஃபான் காற்றில் கார் நகரத் தொடங்கியது. கல்லை எடுத்தால் ஓடிப்போய் ஏறுவதுதான் எனக்குப் பழக்கம். கையில் புளியங்கொட்டையோடு நின்றேன். ஏறுவதற்கு இடம் இல்லை.