குங்குமம் பூசிய கத்தியும் சில ஆங்கிலச் சொற்களும்

எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் பாதியை அடி வாங்கிப் படித்தேன். மீதியைக் கறையான் தின்ற ஓர் அகராதி கற்றுக்கொடுத்தது.

அப்போது இலங்கையில் மலையெல்லாம் கோப்பித் தோட்டம். மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. பெயரில்தான் கணக்கு, உண்மையில் வாய் வேலை. துரை ஆங்கிலத்தில் திட்டுவார், அதை நான் தமிழில் திட்ட வேண்டும். தொழிலாளர்கள் தமிழில் கெஞ்சுவார்கள், அதை நான் ஆங்கிலத்தில் கெஞ்ச வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் தண்ணீர் கலந்துதான் பரிமாறுவேன், இல்லாவிட்டால் தினம் ஒரு தலை உடையும். இந்தியாவில், எங்கள் ஊர்ப் பாதிரிமார் பள்ளியில் மூன்று வருடம் படித்த ஆங்கிலம் அது. அதனால் வந்த தலைக்கனம் மூன்று ஆளுக்குப் போதும்.

பழைய துரை காய்ச்சலில் செத்துப்போனார். அவருடைய பொருள்களைக் கண்டிக்குக் கொண்டுபோய் ஏலம் விட்டார்கள். அகராதியை மட்டும் யாரும் சீந்தவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் கறையான் அரித்து நடுவில் ஒரு கட்டுத் தாள்தான் மிச்சம். அதை நான் எடுத்துக்கொண்டேன். அதில் முழுசாக இருந்தது கே எழுத்து ஒன்றுதான்.

அப்படித்தான் நான் கே எழுத்தில் தொடங்கும் ஒரு கூட்டத்துச் சொற்களில் பண்டிதன் ஆனேன். எழுதும்போது முன்னால் கே நிற்கும், அடுத்து என் என்ற எழுத்து நிற்கும். வாசிக்கும்போது கே ஊமையாகிவிடும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் அதையும் சேர்த்தே உச்சரித்தார்களாம், பிறகு நாக்கு சோம்பிவிட்டது. நைஃப் என்றால் கத்தி. கப்பல் ஏறி வந்து கொள்ளையடித்த வடகடல் நாட்டு ஆட்களிடமிருந்து இவர்கள் வாங்கிக்கொண்ட சொல். நாக் என்றால் மோதுவது, அந்தச் சத்தமே சொல்லாகிவிட்டது. நக்கிள் என்றால் விரல்முட்டி, அதாவது சின்ன எலும்பு. நீ என்றால் முழங்கால். அதற்கும் வடமொழி ஜானுவுக்கும் ஒரே குடும்பம் என்று போட்டிருந்தது. அதைப் படித்த அன்று நான் ஏதோ சொத்து கிடைத்தவன் போலக் குதித்தேன். முழங்காலிலிருந்து நீல் வந்தது, மண்டியிடு என்று அர்த்தம். நாட் என்றால் முடிச்சு. எல்லாமே எலும்பு, இரும்பு, கயிறு. சாந்தமான சொல் ஒன்றைக் காண அந்தப் பக்கங்களில் நன்றாகத் தேட வேண்டியிருந்தது.

புதுத் துரை கப்பலிலிருந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவர். இருபத்துநான்கு வயது இருக்கும். கூலிக்காரர்கள் துரைமாரைக் கழுத்தறுத்த கதைகளைக் கண்டியில் யாரோ அவருக்கு ஊற்றி ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் துப்பாக்கி வைத்துத் தூங்குவார். பயந்தவன் கையில் அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். பிரட்டுக்களத்தில் காலையில் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, யாராவது கையைப் பின்னால் வைத்திருந்தால் பிரம்பால் அடிப்பார்.

ஒரு காலை அந்த வரிசைக்கு முன்னால் என்னை நேவ் என்று திட்டினார். அயோக்கியப் பயல் என்று அர்த்தம். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அது நான் இல்லை.

“துரை, அந்தச் சொல்லுக்கு முதலில் சிறுவன் என்றுதான் பொருள். உங்கள் பிரபுக்களை நைட் என்கிறீர்களே, அதற்கும் அதே பொருள்தான். இருவரும் வேலைக்காரப் பையன்கள். ஒருவன் குதிரை ஏறினான், இன்னொருவன் கெட்ட பெயர் வாங்கினான்” என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

துரை சிரித்தபடி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நானும் பாராட்டப் போகிறார் என்று போனேன். கையை மடக்கி, விரல்முட்டியால் என் உச்சந்தலையில் மூன்று முறை குத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“நாக். நக்கிள். இதெல்லாம் உன் புத்தகத்தில் இருக்கிறதா?” என்றார்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். குத்தைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வலித்தது.

நான்கு நாளில் ஆயுத பூசை. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்காரர்களில் ஒருவர் குளித்துவிட்டு, கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, பங்களாவுக்குக் கொண்டுபோய்த் துரையின் காலடியில் வைப்பார். துரை அதைத் தொட்டுக் கொடுத்த பிறகுதான் அந்த வருடம் செடியில் கத்தி படும். பழைய துரை ஒரு விரலால் தொட்டுச் சிரித்துவிட்டு எல்லோருக்கும் சாராயம் கொடுப்பார். புதுத் துரைக்கு இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லி வைப்பது என் வேலை. நான் சொல்லவில்லை. திடீரென்று ஆட்கள் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் விழிக்கட்டும், என்னிடம் வந்து கேட்கட்டும் என்று கறுவிக்கொண்டு இருந்தேன். என் ஆசை அவ்வளவுதான். அதை நினைக்க இன்றைக்கும் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்த வருடம் கத்தியை எடுத்துப் போனவன் என் வயதுக்காரன். நானும் அவனும் ஒரே தோணியில் மன்னாரில் வந்து இறங்கியவர்கள். மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தபோது என் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தது. என் தகரப் பெட்டியைத் தன் மூட்டைக்கு மேல் வைத்துச் சுமந்தான். எங்களைக் கூட்டி வந்த கங்காணி என்னைக் காட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றபோது, “ஐயாவ விட்டுட்டு நான் மட்டும் வரமாட்டேன்” என்று வழியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் பங்களாவின் பக்கவாட்டில், முன்படி தெரிகிற இடத்தில் நின்றிருந்தேன். துரை முன்பக்க விறாந்தையில் காலைச் சாப்பாட்டில் இருந்தார். இவன் ஈரத் தலையோடு, வெறும் காலோடு, சத்தமே இல்லாமல் படி ஏறினான். இரண்டு உள்ளங்கையிலும் கத்தியை ஏந்தியிருந்தான். ஈரத்தில் குங்குமம் கரைந்து அலகு முழுக்கச் சிவப்பாக வழிந்தது.

துரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் பட்டது இரத்தம்.

அவர் உட்கார்ந்திருந்த கதிரை சாய்ந்து விழுந்தது. நான் ஓடி வருவதற்குள், பக்கத்தில் சாத்தியிருந்த துப்பாக்கியின் கட்டையால் அவன் கையில் அடித்துவிட்டார். கத்தி கீழே விழுந்தது. அவனோ அதை மிதிபடவிடக் கூடாதென்று குனிந்து எடுக்கப் போனான். பூசைக் கத்தி அல்லவா! அதுதான் அவன் செய்த குற்றம். தரையில் இருந்த வலது கை மேல் கட்டை மறுபடியும் மறுபடியும் இறங்கியது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அவனை மல்லாத்தி, நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தி, முகத்தில் குத்தினார். இவன் தடுக்கக்கூட இல்லை. “சாமி, சாமி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

“துரை, இது பூசை, இது எங்கள்...” என்று நான் தொடங்கினேன். கட்டை என் பக்கம் திரும்பியது. முன்பல் இரண்டும் உதட்டைக் கிழித்துக்கொண்டு போயின. அதோடு வாய் மூடியது. அவனை விறாந்தைத் தூணில் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். மத்தியானம் வரை கை வீங்கி, விரல் எது, முட்டி எது என்று தெரியாமல் கிடந்தான்.

உண்மை துரைக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரை வந்து சொன்னார், உரக்கச் சிரித்தார். எங்கள் துரை சிரிக்கவில்லை. வழக்கம் உண்மை என்றால், ஒன்றும் செய்யாதவனின் கையை நொறுக்கியவர் அவர் என்று ஆகிவிடும். என்னைக் கூப்பிட்டு, “அப்படி ஒரு வழக்கம் இல்லை. புரிகிறதா? இருந்தால் நீதான் அவனை அனுப்பினாய்” என்றார். புரிந்தது.

கண்டிக்கு அவனை நடத்திக் கூட்டிப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைக் கடக்கும்போது இடது கையால் தண்ணீர் அள்ளி, எனக்கு வாய் கொப்பளிக்கச் சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பவருக்குக் காய்ச்சல். சாட்சியும் நானே, வாயும் நானே என்று ஆகிவிட்டது.

துரையைக் கொல்ல வந்தான் என்பதுதான் வழக்கு. நீதவான் என்னிடம் கேட்டார்: கத்தியை எசமானிடம் கொண்டுபோகும் வழக்கம் இந்த மக்களிடம் உண்டு என்று உனக்குத் தெரியுமா? தெரியும் என்பதற்கு அவர்கள் சொல்லும் நோ என்ற சொல்லும் அந்தக் கே கூட்டம்தான். நம் ஞானத்துக்கும் அதற்கும் ஒரே வேர். எந்தத் தாளில், எந்த மூலையில் அது இருந்தது என்றுகூட அப்போது ஞாபகம் வந்தது. துரை முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கூண்டிலிருந்து இவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியாது” என்றேன். நல்ல ஆங்கிலத்தில், தெளிவாக.

முதுகில் இருபது அடி, பிறகு ஒரு வருடம் சிறை. அதை அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நான்தான். கோர்ட்டின் பின்முற்றத்தில், விலங்கோடு நிற்கும்போது சொன்னேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

“ஐயா, பூசைக் கத்தின்னு நீங்க இங்கிலீசுல சொன்னீங்கல்ல?”

“சொன்னேன்.”

“சொல்லியும் கேக்கலையா அந்தக் கோர்ட்டுத் தொரை?”

“கேக்கல.”

துணி சுற்றிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் உதட்டைப் பார்த்தான்.

“விடுங்க ஐயா. எனக்காகப் பேசுனீங்களே, அது போதும். ஏற்கெனவே ஒங்க வாயி ஒடஞ்சு கெடக்கு. இன்னும் பேசி அடி வாங்காதீங்க.”

சரி என்று தலையாட்டினேன். அவனை அடிப்பதற்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.