இறுகாத மண்

சித்தி எங்கே நடந்தாலும் வழியில் கிடக்கும் கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் போவாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வாசல், பஸ் நிலையம், அடுத்தவர் வீட்டுச் சந்து, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். "இது என்ன உங்க அப்பன் வீட்டு ரோடா?" என்பார் சித்தப்பா. "நடக்கிற எல்லாருக்கும் அப்பன் வீட்டு ரோடுதான்" என்பாள்.

அவள் வேலை அப்படி. இந்த மண்ணுக்கே உரிய செடிகளை மட்டும் வளர்க்கும் தாவரவியல் தோட்டத்தில், 'எளிய நடைபாதை' என்று பலகை வைத்த பாதையைப் பராமரிப்பது அவள்தான். வாளி நிறையத் தண்ணீரைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாதை முழுக்க உருட்டுவாள். தளும்பிய இடத்தில் நின்று பள்ளத்தை அடைப்பாள். தண்ணீர் சிந்தாமல் போனால்தான் அவளுக்கு அது எளிய பாதை.

அதை நம்பி வாராவாரம் சக்கர நாற்காலியில் வருவார் எங்கள் தெருத் தையல்காரம்மா. பாதையின் கடைசியில், பாறையோரம் ஒரு புதர். பல வருஷங்களுக்கு ஒருமுறைதான் பூக்கும். இந்த முறை மொட்டு வைத்ததும், "பூத்த அன்னிக்கு நானே தள்ளிட்டுப் போய்க் காட்டுறேன்" என்று சித்தி வாக்குக் கொடுத்தாள்.

அதே மொட்டைப் பார்த்துத் தோட்ட அலுவலகத்துக்கும் ஆசை வந்துவிட்டது. கூட்டம் வரும், படம் எடுப்பார்கள், பாதை அழகாக இருக்க வேண்டாமா? புதருக்குப் போகும் வழியில் மெல்ல ஏறிய வளைவை வெட்டிவிட்டு மூன்று கருங்கல் படிகள் கட்டினார்கள். பலகையை மட்டும் எடுக்கவில்லை.

சித்தி மேற்பார்வையாளரிடம் போனாள். நானும் கூட நின்றேன்.

"சார், நாற்காலி எப்படி ஏறும்?"

"மூணே படிம்மா. யாராவது தூக்கிவிடுவாங்க."

"உங்களை நாலு பேர் தூக்கிட்டுப் போனா, பூ பார்க்கத் தோணுமா சார்?"

"போய் வேலையைப் பாரு."

"இதுதான் சார் என் வேலை."

யாராவது தூக்கிவிடுவார்களாமே! எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பக்கம் பக்கமாக மனு எழுதினேன். 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. கோபத்தை மனுவாக மடிக்கத்தான் படித்தேனா என்று அன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தி தையல்காரம்மாவிடமே கேட்டுப் பார்த்தாள். "நான் என்ன அரிசி மூட்டையா, தூக்கி இறக்க?" என்று அவர் சீறினார்.

அன்றே சித்தி மண்வெட்டியை எடுத்தாள். விதை முளைக்கவில்லை என்று நாற்றுப்பண்ணையில் கொட்டியிருந்த தொட்டி மண்ணை அள்ளிவந்து, படிகளின் மேல் ஒரு பக்கமாகச் சரிவு போட்டாள். மிதித்தாள், தட்டினாள். மண் இறுகட்டும் என்று காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். "ஒரு வாரம் பொறுத்துக்கங்க, இறுகிடும்" என்று தையல்காரம்மாவுக்குத் தவணை சொன்னாள்.

மண் இறுகவில்லை, முளைத்தது. அது அந்தப் புதரின் விதைகள் கிடந்த மண்.

அலுவலகத்துக்குத் தலைகால் புரியவில்லை. சரிவைச் சுற்றிக் கயிறு கட்டி, 'அரிய நாற்றுகள், மிதிக்காதீர்' என்று எழுதி மாட்டினார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"பிடுங்கித் தொட்டியில வச்சுத் தர்றேன் சார், வழி விடுங்க."

"வேர் அறுந்தா நீ பொறுப்பா?"

மேலே பாறையோரம் பூத்துக் குலுங்கியது. ஏற முடிந்தவர்கள் ஏறிப் பார்த்தார்கள். பிறகு உதிர்ந்தது. விரல் நீளச் செடிக்குக் கயிறு கட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனுஷிக்கு வழி விடத் தெரியவில்லை.

சித்தி இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். தையல் கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "என்னங்க, மண்ணு இறுகிடுச்சா?"

மேற்பார்வையாளரையே மடக்கிய வாய். "அடுத்த தடவை பூக்கட்டும்ங்க" என்று முனகிவிட்டு வேகமாக நடக்கிறாள் சித்தி.

அது பூக்கப் பல வருஷமாகும். படிகள் அங்கேதான் இருக்கின்றன. பலகையும்.