சந்திரனில் செத்த மூன்றாம் வீரன்

ஏசுபாதத்தை நான் ஒன்பது முறை கொன்றிருக்கிறேன். மாரிகுப்பத்தில் எங்கள் நாடக சங்கத்துக்குக் கதை வசனம் எழுதியவன் நான். பிழைப்புக்கு அங்கே தங்கச் சுரங்க ஆபீசில் குமாஸ்தா. ராஜா கதையென்றால் அவன் முதல் காட்சியிலேயே வெட்டுப்படும் காவலன். துப்பறியும் கதையென்றால் திரை விலகும்போதே பிணம். ஆபத்து பெரியது என்று சனங்களுக்குப் புரிய ஒருத்தன் சாக வேண்டும். கதாநாயகன் சாகக் கூடாது. அதற்கென்றே ஏசுபாதம் இருந்தான். ஆறடி ஆள், விழுந்தால் மேடை அதிரும்.

வேலையில் அவன் நேர் எதிர். பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்தும் கூட்டத்தில் பதினாறு வருஷம். அவன் நிறுத்திய தூணுக்குக் கீழே பயமில்லாமல் சோறு தின்னலாம் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி சின்னப்பாவை வளர்த்து, டெய்சியைக் கட்டிவைத்து, தன் ஷிப்டிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தான்.

அறுபத்தொன்பது ஆகஸ்டில் பாறை வெடித்துச் சின்னப்பா உள்ளேயே மூடிப்போனான். பதினோரு நாள் தோண்டினார்கள், உடல் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் உள்ளே செத்தால், அந்த ஷிப்டே வேலையைப் போட்டுவிட்டு அவனோடு மேலே வரும். ஆள் ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து நின்றதும் அவன் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்லித்தான் வெளியே எடுப்பார்கள். அதன் பிறகுதான் வீட்டார் அழுவார்கள். சின்னப்பாவுக்கு உடலும் இல்லை, அழைப்பும் இல்லை. டெய்சி அழவில்லை, சாவுப் பூசைக்கும் சம்மதிக்கவில்லை. "மேல வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்போதெல்லாம் சுரங்க கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். எட்டு மாதம் இப்படி. ஏசுபாதத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே தெம்பில்லை.

அப்போதுதான் நான் சந்திரனுக்குப் போகும் நாடகம் எழுதினேன். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். சுரங்கத் தொப்பிகளுக்கு ஜிகினாத்தாள் ஒட்டினோம். சந்திரனில் இறங்கியதும் ஏதோ கதிர் பட்டு விழுபவன் வழக்கம்போல் ஏசுபாதம். என் தாளில் வெறும் 'மூன்றாம் வீரன்'. ஒத்திகைக்கு நடுவே என்னிடம் வந்தான்.

"சார், எனுக்கு வசனம் ஒண்ணும் வேணாம். அந்த ஆளுக்கு ஒரு பேரு வைங்க. சின்னப்பான்னு. என்னைத் தூக்கினு போறப்ப கூப்பிடட்டும். டெய்சி நாடகம் பாக்க வரும். அது காதுல வுழட்டும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இன்னாப்பா, வெளையாடறியா? ரெண்டு நிமிஷ வேசத்துக்குப் பேரு எதுக்கு? சனம் கேப்டனைப் பாக்க வருதா, உன்னைப் பாக்க வருதா?"

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். எழுதுகிறவன் என்ற கர்வம் எனக்கு. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

நாடகத்தன்று கொட்டகை நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் டெய்சி. ஏசுபாதம் விழுந்தான். ஒத்திகையில் விழுந்த கையோடு எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விடுவான். இந்த வேசத்தில் அவன் அசையாமல் கிடந்து நாங்கள் பார்த்தது அன்றுதான். கேப்டனாக நடித்த ராஜப்பா அவனைத் தாண்டிப் போய், "அழ நேரமில்லை, முன்னேறுங்கள்!" என்று முழங்க வேண்டும். ராஜப்பாவும் அண்ணன் தம்பி இருவரோடும் ஒரே ஷிப்டில் இறங்கிய ஆள்தான். வாயைத் திறந்தான், வசனம் வரவில்லை. திரை மறைவிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன். அவனோ தன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"உட்டுட்டு எப்டிடா போறது?" என்றான் மற்றவர்களைப் பார்த்து.

நாலு பேர் குனிந்து ஏசுபாதத்தைத் தோளுக்குத் தூக்கினார்கள். கொட்டகையில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருத்தன்கூட விசிலடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பேரு இன்னா?"

ராஜப்பா என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் முப்பது பக்கம் பாக்கி. தாள்களை மடித்துக்கொண்டு மேடைக்கு வந்து, "சின்னப்பா" என்றேன். இரண்டாம் முறை ராஜப்பாவும் சேர்ந்துகொண்டான். மூன்றாம் முறை கொட்டகையே சொன்னது. மல்லாந்து கிடந்த ஏசுபாதத்தின் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

டெய்சி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடை வரை வந்து, தொங்கிய அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியா... இப்பத்தான் வந்தியா..." என்று எட்டு மாத அழுகையையும் அழுதாள்.