ஓர் எண் தள்ளிப்போன ரத்தம்

பனியன் கம்பெனியில் ஆறு வருடம் கட்டிங் பிரிவில் நம்பர் ஒட்டியவள் நான். வெட்டி அடுக்கிய துணியில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று எல்லாவற்றிலும் வரிசையாக ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒன்று கிழிந்தால் அடுத்ததை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். விலங்கியல் படித்துவிட்டு இந்த வேலையா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அதனால் நாட்டு மாடுகளின் மரபணு வரைபடத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் தலைகால் புரியாமல் ஓடினேன்.

மாட்டின் உடம்புக்குள் பரம்பரையாக எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகப் படித்து வைக்கும் திட்டம் அது. பல மாநிலங்களில் ஆய்வகங்கள், ஆளுக்கொரு பங்கு. காங்கயம் மாடுகளின் ரத்தத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது என் பங்கு. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. குழாயில் ஒட்டிய எண்ணைத்தான் எல்லோரும் நம்பினோம்.

வெள்ளகோவில் பக்கம் ஓர் அக்கா பொலிகாளை வைத்திருந்தார். கணவர் இறந்தபின் அவர் பிழைப்பு அந்தக் காளையை நம்பித்தான் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பசு பருவத்துக்கு வந்தால் அங்கேதான் ஓட்டி வருவார்கள். தன் காளை கலப்பில்லாத காங்கயம் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வாய் திறந்தால் அதே பேச்சு. எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும்.

அன்று அவர் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக ஏழு மாடுகள். ஆறாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த ஜெர்சி கலப்புப் பசு. ஏழாவது அக்காவின் காளை. ரத்தம் எடுத்த பிறகுதான் எண் ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கம்பெனிப் பழக்கத்தில் குழாய்கள் எல்லாவற்றிலும் முன்னாலேயே வரிசையாக ஒட்டி, எந்த எண் எந்த மாடு என்று பட்டியலும் எழுதிவிட்டேன். நான்காவது பசு உதைத்ததில் அதன் குழாய் உடைந்தது. கை தானாக அடுத்த குழாயை எடுத்தது. அதிலிருந்து எல்லாம் ஓர் எண் தள்ளிப்போனது எனக்கு உறைக்கவே இல்லை. கடைசியில் எட்டாம் குழாயும் நிறைந்திருப்பதைப் பார்த்து, உடைந்ததற்கு மாற்று அதுதான் என்று நினைத்து, பட்டியலில் நான்காவது பசுவுக்கு நேராக எட்டு என்று திருத்தினேன். கட்டிங் டேபிளில் அப்படித்தான் செய்வோம்.

சில வாரங்களில் முதல் சோதனை முடிவு வந்தது. காளைக்குரிய ஏழாம் எண்ணில் ஜெர்சி கலப்பு இருந்தது. மற்ற எண்களை நான் பார்க்கவே இல்லை. மாட்டுக்காரர்களிடம் முடிவைச் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் அக்கா நாள் தவறாமல் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன். சொல்லும்போது உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"மிசினே சொல்லிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்து, முழு மரபணுவையும் படித்த வேறொரு மாநிலத்து ஆய்வகத்திலிருந்து மெயில் வந்தது. காளை என்று எழுதிய ஏழாம் குழாயில் இருப்பது பசுவின் ரத்தம். பசு என்று எழுதிய எட்டாம் குழாயில் இருப்பது காளையின் ரத்தம், துளிக் கலப்பும் இல்லை. வரைபடத்துக்கு அந்தக் காளையையே மாதிரியாக வைக்கப் போகிறோம், உடனே இன்னொரு முறை ரத்தம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். எண் தள்ளிப்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வெள்ளகோவிலுக்குப் போனேன்.

மாட்டுக் கொட்டகையில் காளை இல்லை. நான் போனில் முடிவைச் சொன்ன அடுத்த வாரமே சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டாராம். நின்ற இடத்திலேயே அழுதுகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவர் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கியவர் யாரென்று சொல்லுங்கள், எப்படியாவது திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்றேன்.

"அடிமாட்டு லாரியில ஏத்திட்டாங்க அம்மிணி."

எனக்கு நம்ப முடியவில்லை. அப்படிப்பட்ட காளையை வளர்க்கிறவர்கள் ஒருவர்கூடவா கேட்கவில்லை என்றேன்.

"கேட்டாங்க. நாலு பேரு வந்து கேட்டாங்க. தெரிஞ்சே மறைச்சு விக்கறது தப்புன்னு, இது கலப்புங்கன்னு நாந்தான் ஒவ்வொருத்தருகிட்டயும் சொன்னேன். வெல பேசாம போயிட்டாங்க."