ஓட முடியாத கால்கள்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். யாரிடமும் நல்ல பெயர் வாங்க நான் இதை எழுதவில்லை. 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.40. நான் தூங்கவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை. இது நடந்தது.

தெரணியகலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினோரு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். தோட்டத்தில் எல்லாருக்கும் நான் மிஸ்ஸி. கட்டுத்துணி கேட்டு எழுதினால் பதில்கூட வராது. அதற்காகப் புண்ணைத் திறந்து போட முடியுமா? பழைய சேலைகளைக் கேட்டு வாங்கி, கொதிக்க வைத்து, கிழித்துக் கட்டுவேன். அன்று மேசையில் இருந்தது பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சேலை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தால் நோயாளிகள் உட்காரும் வாங்கில் கிருஷ்ணராஜ் உட்கார்ந்திருந்தான். றப்பர் பால் வெட்டும் கோபிகாவின் புருஷன். ரஷ்யாவில் சமையல் வேலை என்று ஜூன் மாதம் ஒரு கொழும்பு ஏஜன்ட் கூட்டிப் போனான். போய் இறங்கியதும் கையில் துவக்கைக் கொடுத்துப் பதுங்குகுழியில் இறக்கிவிட்டார்களாம். ஒருமுறை போனில் அழுதான். பிறகு பேச்சே இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று கோபிகா தினமும் என்னிடம்தான் வந்து கேட்பாள்.

"எப்ப வந்த தம்பி?"

"காலப் பாருங்க மிஸ்ஸி."

அந்த மழையிலும் அவன் தோள் நனைந்திருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழேதான் ஈரம். சேறு கறுப்பாக இருந்தது. எங்கள் மண் சிவப்பு. மழையில் என் படியேறி வருகிறவர்கள் காலில் நாலு அட்டைப்பூச்சியாவது ஒட்டிக்கொண்டு வருவார்கள். அவனிடம் ஒன்றுகூட இல்லை.

நான் தொட்டதும் சப்பாத்து கழன்றது. சேற்றுப்புண் ஆயிரம் பார்த்தவள் நான். இது அதுவல்ல. பாதம் தண்ணீரில் ஊறிய பாண் துண்டு மாதிரி வெளுத்து வீங்கியிருந்தது. விரல்கள் கறுத்துவிட்டன. குதிகாலில் சின்னச் சின்னப் பல் தடங்கள்.

"எலி," என்றான். "கடிக்கிறது தெரியல."

முழங்கால் அளவு தண்ணீரில் நாள்கணக்காக நிற்பார்களாம். குடிப்பதும் அதே தண்ணீர். ரொட்டி வந்தால் எலிக்குப் போக மிச்சம்தான். அவன் கொலர் மடிப்பில் சீலைப்பேன் ஊர்ந்தது.

பேசும்போது அவன் வாயிலிருந்து கடுங்குளிரில் வருவதுபோலப் புகை வந்தது. எனக்கோ முதுகெல்லாம் வியர்வை...

காலைப் பிடித்தேன். ஐஸ்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

3.46.

பயந்தேன். பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடக் கோபம் வந்தது. ஒரு மனுஷனின் காலை இப்படியாக்கி அனுப்பியது யார்? எழுந்து ஓடவில்லை. கழுவினேன். ஊதா மருந்து பூசினேன்.

சேலையைக் கிழித்தேன். சர்ர்ர்...

இரண்டு பாதத்திலும் சுற்றினேன்.

முடிச்சுப் போட்டேன்.

"இந்தக் காலோட ஓட ஏலாது மிஸ்ஸி. கோபிகாகிட்ட சொல்லுங்க."

நிமிர்ந்தேன்.

வாங்கு காலி.

தரையில் கறுப்புச் சேறு... 3.52.

நோயாளிப் பதிவேட்டில் பெயர், நேரம், இரண்டு பாதமும் அழுகல், கட்டுப் போட்டது, எல்லாம் எழுதினேன். கோபிகாவிடமும் போய்ச் சொன்னேன். தொழிலாளர் லயத்தில் எல்லாரும் மிஸ்ஸிக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள்.

ஜனவரியில் ஏஜன்ட் ஒரு தாளோடு வந்தான். கிருஷ்ணராஜ் படையை விட்டு ஓடிவிட்டானாம். அதை ஒப்புக்கொண்டு கோபிகா கையெழுத்துப் போட்டால் அவனைப் பற்றி இனி யாரும் எதுவும் கேட்கமாட்டார்களாம். அவள் பேனையை எடுத்துவிட்டாள். நான் பிடுங்கினேன். அந்தக் காலோடு எவன் ஓடுவான் என்று பதிவேட்டைத் திறந்து காட்டினேன். முதலில் சிரித்தான். பிறகு அந்த வரியை அடிக்கச் சொன்னான், இல்லாவிட்டால் என் வேலை போகும் என்றான்.

"போனா போகட்டும். ஒரு எழுத்தும் அடிக்க மாட்டேன்."

தாளைக் கோபிகாவிடமே விட்டுவிட்டுப் போனான்.

மார்ச்சில் பவாஸ் திரும்பி வந்தான். தெரணியகலையில் த்ரீவீல் ஓட்டியவன், கிருஷ்ணராஜோடு போனவன். ஒரு கால் இல்லை. ஊன்றுகோலோடு நேராக டிஸ்பென்சரிக்குத்தான் வந்தான். கோபிகாவையும் கூப்பிட்டனுப்பினேன். கிருஷ்ணராஜ் குழிக்குள்ளேயே, தன் பக்கத்திலேயே செத்தான் என்றான். நவம்பர் 19. அங்கே மதியம் 1.10.

இங்கே 3.40.

"ஒரு மாசமா எழும்பி நிக்கவும் ஏலாம கிடந்தான் மிஸ்ஸி. ஓடினான்னு எவன் சொன்னது?"

பிறகு குரலைத் தாழ்த்தினான். கிருஷ்ணராஜின் காலில் நான்கு மாதமாகக் கழற்றாத சப்பாத்தாம். கால் வீங்கி இறுகிப்போனதால் செத்தபிறகு சப்பாத்தைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தார்களாம்.

"உள்ளுக்கு இது இருந்திச்சு."

பையிலிருந்து எடுத்தான். பச்சையில் மஞ்சள் பூ. ஊதாக் கறை. அவிழ்க்காத என் முடிச்சு.

அலுமாரியில் மிச்சச் சேலை இருந்தது. கிழிந்த ஓரத்தை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது...

"குழி முழுக்கத் தண்ணி மிஸ்ஸி. இது மட்டும் காஞ்சி இருந்திச்சு."

கோபிகா துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஏஜன்டின் தாளை எடுத்துக் குறுக்கே கிழித்தாள்.