ஊரா, காலனியா?

இன்று திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு பார்த்தோம். மனைவிக்கு ஏழாம் மாதம். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி வீடு கிடைத்தது.

வீட்டுக்காரம்மா சாவியையே கொடுத்துவிட்டார். "வெள்ளிக்கெழம பால் காய்ச்சிடுங்க."

பிறகு சொந்த ஊரைக் கேட்டார். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் என்றேன்.

"ஊருக்குள்ளயா, காலனியாப்பா?"

"காலனிங்க."

அவர் முகம் மாறவில்லை. "எம்மவன் குடும்பத்தோட வர்றேன்னு சொல்லிக்கினு இருந்தான், மறந்தே பூட்டேன்" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் தெருமுனைப் பலகையிலும் ஏதோ காலனி என்றுதான் இருக்கிறது. சம்பளக்காரர்கள் குடியிருந்தால் அது விலாசம். நாங்கள் குடியிருந்தால் அது சாதி.

பேருந்தில் மனைவி, "அந்த ஜன்னலாண்ட தொட்டில் கட்டலாம்னு நெனச்சேன்" என்றாள்.

அந்த அம்மா திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவ்வளவு தன்மையாகக் கேட்ட குரல்தான் காதை விட்டுப் போகவில்லை.

இது நாங்கள் பார்த்த மூன்றாவது வீடு. மூன்று வீட்டிலும் காலனி என்று சொன்ன பிறகுதான் மகன் திரும்பி வருகிறான். பிள்ளையைப் பிரிந்து வாடும் வீட்டுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வீடு கேட்கிறோம்.