பல்குச்சி வைத்த வரி

மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஷிப்ட் வேலை பார்த்தேன். அந்த ஆலையை நிறுத்துவதற்கும் மறுபடி ஓட்டுவதற்கும் உள்ள செயல்முறையை எழுதியவனே நான்தான். பெரிய பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தப் போகிறார்கள், ஓய்வுபெற்றவர்களில் ஒருவரை மூன்று மாத மேற்பார்வைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த ஒருவர் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

தேர்வுக்குப் போனால், அங்கே தம்பியும் உட்கார்ந்திருந்தான். கூடப் பிறந்தவன் அல்ல. என்னிடம் வேலை பழகி, எனக்குப் பின் ஓய்வுபெற்றவன். என் செயல்முறையை அவன் ஒருமுறையாவது முழுதாகப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

"அண்ணே, நீங்க வந்துட்டீங்க. அப்ப நான் வீட்டுக்குப் போலாம் லா," என்றான்.

போகவில்லை.

நிஜ ஆலைபோலவே நடிக்கும் ஒரு கணினியில்தான் தேர்வு. செயல்முறையை மட்டும் தாளில் கொடுத்தார்கள்; ஒவ்வொரு படியையும் முடித்து, அதில் கையெழுத்திட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். நான் பதினான்காம் படியில் இருந்தபோது ஏதோ ஒரு பம்புக்கு அலாரம் அடித்தது. சத்தத்தை அடக்கிவிட்டுப் படியை முடித்தேன். கையெழுத்தும் அழகாகப் போட்டேன். அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது.

அடுத்தது அவன் முறை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அதே அலாரம் அடித்ததும், காதில் செருகியிருந்த பல்குச்சியை எடுத்து, படித்துக்கொண்டிருந்த வரிமேல் வைத்தான். பம்பைச் சரிசெய்தான். திரும்பி வந்து, குச்சியை மறுபடி காதில் செருகி, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தான். நான் எழுதிய செயல்முறையில் பல்குச்சிக்கு எந்தப் பிரிவிலும் இடம் கிடையாது. வேலை அவனுக்குத்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து காரணம் தேடிப் படித்தேன். மூளையின் மேற்பகுதியில், நெற்றிப் பக்கத்தையும் உச்சிப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு வலை, நாம் விரும்பிய இடத்தில் கவனத்தை நிறுத்துகிறதாம். வலப்பக்கம், சற்றுக் கீழே, இன்னொன்று; எதிர்பாராதது நடந்தால் அதை விடு, இதைப் பார் என்று குறுக்கிடுவது அதன் வேலை. முதல் வலை குரங்குக்கும் ஏறக்குறைய நம்மைப் போலவே இருக்கிறது. இரண்டாவது அதற்கு உண்டா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எங்கள் பின்சுவருக்கு வரும் குரங்கைப் பார்த்தால் ஒத்துப்போவார்கள். ரம்புத்தானை உரித்துக்கொண்டே என் துடைப்பம், சமையலறைக் கதவு, பக்கத்து வீட்டு நாய் மூன்றையும் மாறி மாறிப் பார்க்கும். பழம் கைநழுவியதே இல்லை. பொறாமைப்பட இந்த வட்டாரத்தில் எனக்கு ஆள் பஞ்சமில்லை.

போன வாரம் தம்பி வந்தான். கழுத்தில் புதிய ஆலை அட்டை, கையில் ஒரு பொட்டலம் பிசாங் கோரெங், அதாவது பொரித்த வாழைப்பழம். தட்டில் கொட்டிச் சன்னலோரம் வைத்தேன்.

"அண்ணே, உங்க பழைய கோப்பு வேணும். ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருப்பீங்களே, அது கம்பெனி காப்பியில இல்ல."

"எங்க இருக்கோ, தேடணும்," என்றேன்.

"முதல் தடவை நிறுத்தினப்ப அந்த வால்வு..." என்றவன் சட்டென்று எழுந்து சன்னலைத் தட்டினான். கம்பிக்குள் கைவிட்டு வாழைப்பழப் பலகாரத்தை எட்டிய குரங்கு பின்வாங்கியது. உட்கார்ந்தான். "...அந்த வால்வு சிக்கிக்கிச்சே, என்ன செஞ்சோம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

குரங்கு வந்ததையே நான் பார்க்கவில்லை. அவன் கழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேடிட்டுச் சொல்றேன் தம்பி."

"உங்க பின்னாடி அலமாரியில இருக்கு அண்ணே. வந்தப்பவே பார்த்தேன்."

எடுத்துக் கொடுத்தேன். கொடுக்குமுன், பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினேன். செயல்முறை அதுதான். அவன் சிரித்துக்கொண்டே போட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை தாண்டிய பிறகும் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது தட்டு காலி.